"சும்மாதான் இருக்கான்"

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா தன் மகனை மனநல ஆலோசனைக்காக என்னிடம் அழைத்து வந்தார். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான்கு வருடம் கோயம்புத்தூரில் ஹாஸ்டல், இப்போது திருச்சியில் அப்பா அம்மாவோடு. உட்கார்ந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "காலேஜ் முடிச்சிட்டு வீட்ல சும்மாதான் மேடம் இருக்கான்."

அந்தப் பையன் கையிலிருந்த செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தான். அம்மா பேசி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

பிறகு தனியாகப் பேசினோம். காலை ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதாம். ஆனால் அப்பா வேலைக்குக் கிளம்பி, அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை கண்ணை மூடிப் படுத்திருப்பானாம். "எந்திரிச்சா என்னைப் பாப்பாரு மேடம். ஒண்ணும் கேக்க மாட்டாரு. அதான் தாங்க முடியல."

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இதே காட்சியை வேறு வேறு முகங்களோடு நான் அடிக்கடி பார்க்கிறேன். மே மாதம் படிப்பு முடிகிறது, ஜூனில் பெட்டி படுக்கையோடு வீடு வருகிறார்கள். முதல் மாதம் ராஜ உபசாரம். தீபாவளி வருவதற்குள் வீட்டில் பேச்சு குறைந்துவிடுகிறது.

பெற்றோரிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளை மட்டும் இப்படி இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ல் பட்டதாரி இளைஞர்களில் வேலையில்லாதோர் 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் அது வெறும் 3.4. அவர்களுக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. கிடைத்த வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பதால் போய்விடுகிறார்கள். படித்த பிள்ளை காத்திருக்கிறான் என்றால், அவனைக் காத்திருக்க வைக்கிற அளவுக்கு வீட்டில் சோறு இருக்கிறது. அதை ஏற்பாடு செய்ததே நீங்கள்தான். அந்தச் சோற்றையே தட்டில் போட்டுவிட்டு "தண்டச்சோறு" என்று ஒரு வார்த்தையும் போட்டால், பிள்ளை எதைச் சாப்பிடுவான்?

அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கதை இன்னும் நீளமானது. 2024 ஜூனில் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்பு போதும் என்கிற அந்தத் தேர்வுக்குப் பட்டதாரிகளும் இரவு பகலாகப் படிக்கிறார்கள். இதில் ஒருவன் தேறவில்லை என்றால் சோம்பேறி என்று சொல்லிவிட முடியுமா? அதே சமயம், எத்தனை முயற்சிவரை என்று ஆரம்பத்திலேயே வீட்டில் பேசி வைப்பது நல்லது. மூன்றாவது முறை தோற்ற இரவில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு இல்லை அது.

பணம்தான் பெரும்பாலான வீடுகளில் முதலில் புண்ணாகிற இடம். பெட்ரோலுக்கு ஐம்பது, முடிவெட்ட நூற்றைம்பது என்று ஒவ்வொரு முறையும் அம்மாவிடம் கேட்டு, அம்மா அப்பாவிடம் கேட்டு, அப்பா "எதுக்கு?" என்று கேட்டு. இருபத்திரண்டு வயதில் இது குறுக வைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அப்பா, பேருந்து ஓட்டுநர், மாதம் முதல் தேதி மகனின் சட்டைப் பையில் ஒரு தொகையை வைத்துவிடுவார். கணக்குக் கேட்க மாட்டார். தொகை பெரிதில்லை. கேட்காமல் கிடைத்தது என்பதால் அந்தப் பையன் வெளியே போவதை நிறுத்தவில்லை, நண்பர்களை விடவில்லை, ஒரு நேர்முகத் தேர்வையும் பஸ் காசுக்காகத் தவறவிடவில்லை.

பெண் பிள்ளை திரும்பி வந்தால் கதையே வேறு. அவள் "சும்மா" இருப்பதாக யாரும் சொல்வதில்லை. சமையலறை அவள் கைக்கு வந்துவிடுகிறது, பாட்டியைப் பார்த்துக்கொள்வது வந்துவிடுகிறது, ஆறாவது மாதம் ஜாதகம் வெளியே போய்விடுகிறது. "வேலைக்கு அப்ளை பண்ண உக்காந்தா, அம்மா வெங்காயம் உரிக்கக் கூப்பிடுறாங்க மேடம்" என்று ஒரு பெண் அழுதாள். கேட்பதற்குச் சின்ன விஷயம். தன் எதிர்காலத்துக்கு ஒதுக்கிய இரண்டு மணி நேரத்துக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை என்பதுதான் அவள் அழுததன் காரணம். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அவளைக் கூப்பிடக் கூடாது என்று எழுதி ஒட்டச் சொன்னேன். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார்கள்.

தினமும் "ஏதாவது மெயில் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். வந்திருந்தால் அவர்களே ஓடிவந்து சொல்வார்கள். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை டீ நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆறு நாளும் கிரிக்கெட், கறிக்குழம்பு, தெருவில் நடந்த சண்டை, எது வேண்டுமானாலும் பேசலாம். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொல்வது என்று முன்பே முடிவு செய்யுங்கள். அம்மா ஒன்று, அப்பா ஒன்று சொல்லும்போது அங்கே நிற்கிற பிள்ளைதான் கூனிப்போகிறான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், முன்பு பிடித்த எதிலும் மனம் போகாவிட்டால், குளிக்கவும் ஷேவ் செய்யவும் கூட மலைப்பாக இருந்தால், அது சோம்பலாக இருக்காது, மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒரே ஒரு முறை சொன்னாலும் அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செத்துப்போகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனசுக்குள் இருப்பதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். பதில் எதுவானாலும் அன்று அவர்களைத் தனியாக விடாமல் உதவி தேடுங்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

வண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்த அந்தப் பையன் இப்போது மூன்று முறை வந்துவிட்டான். கடைசி முறை தனியாகவே பஸ் ஏறி வந்தான். அப்பா இன்னும் வரவில்லை. அவருக்கு ஷிப்ட் முடிய நேரமாகும் என்பதால், வரும் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அவருக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.