விஸ்கி: உயிரை உதிர்த்துவிட்டு வந்த தண்ணீர்

விஸ்கி என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்.

ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் முழுப்பெயர் 'உஷ்கெ பெஹா'. அயர்லாந்துக்காரர்கள் 'இஷ்கெ பஹா' என்பார்கள். முதல் பாதி நீர், இரண்டாம் பாதி உயிர், சேர்த்தால் உயிர்நீர். ஆங்கிலேயர் வாயில் இது நுழையவில்லை. 'உஸ்குபா' என்று கொஞ்ச காலம் இழுத்துப் பார்த்தார்கள். அப்புறம் வாலை நறுக்கி, மிஞ்சியதை மழுக்கி, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'விஸ்கி' ஆக்கிவிட்டார்கள். நறுக்கியபோது விழுந்தது உயிர். புட்டிக்குள் தங்கியது தண்ணீர் மட்டும்.

இந்தச் சொல்லின் வேரைத் தோண்டினால் நமக்குத் தெரிந்த முகங்கள் வரும். கேலிக் 'உஷ்கெ', வடமொழி 'உதகம்', ரஷ்ய 'வோட்கா', ஆங்கில 'வாட்டர்' எல்லாம் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரில் முளைத்தவை. வோட்கா என்பதும் 'குட்டித் தண்ணீர்' என்று செல்லமாகக் கூப்பிடுவதுதான். 'பெஹா' இன்னும் சுவாரசியம். அது 'ஜீவன்' என்ற சொல்லுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஆக, உஷ்கெ பெஹா என்பதை வேருக்கு வேர் வைத்துப் பெயர்த்தால் 'ஜீவ உதகம்' என்று வரும். பூசை அறையில் ஒலிக்க வேண்டிய பெயர்!

கேலிக் மொழிக்காரர்கள் இந்தப் பெயரைத் தாங்களாக யோசித்து வைக்கவில்லை. லத்தீனில் 'அக்வா வீட்டே' என்று ஒரு தொடர் ஏற்கெனவே புழங்கியது. அதற்கும் உயிர்நீர் என்றுதான் பொருள். துறவி மடங்களிலும் மருத்துவர்களிடமும் மருந்தாக இருந்த வடிநீருக்கு அந்தப் பெயர். கேலிக் பெயர் அதன் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. ஸ்காட்லாந்து அரசுக் கருவூலக் கணக்கில் 1494-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று இருக்கிறது: அரசர் ஆணைப்படி அக்வா வீட்டே செய்வதற்காக ஜான் கோர் என்ற துறவிக்கு எட்டு 'போல்' மால்ட் கொடுக்கப்பட்டது. போல் என்பது தானியம் அளக்கும் பழைய அளவு, மால்ட் என்பது முளைகட்டிய தானியம். அயர்லாந்தின் பதிவு அதைவிட மூத்தது, ஆனால் அது ஒரு சாவுச் செய்தி. குளோன்மக்னாய்ஸ் ஆண்டுக் குறிப்புகளில் 1405-இல் ஒரு குலத்தலைவர் கிறிஸ்துமஸ் சமயத்தில் அக்வா வீட்டேயை அளவுமீறிக் குடித்து இறந்தார் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் கையோடு ஒரு சிலேடையும் போட்டிருக்கிறார்: அது அவருக்கு உயிர்நீராக இல்லை, சாநீராகிவிட்டது என்று. விஸ்கியின் வரலாறு அயர்லாந்தில் இரங்கல் குறிப்பும் கிண்டலுமாகத் தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'உயிர்நீர்' என்று வைத்துவிடலாமே என்று முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் 'ஓ த வி'க்கும் அதே பொருள்தான், ஆனால் அது பழத்திலிருந்து வடித்தது. ஸ்காண்டிநேவியாவின் 'அக்வாவிட்' லத்தீன் பெயரையே தூக்கிக்கொண்டு திரிகிறது, ஆனால் அதில் சீரகக் குடும்பத்துச் சீமைச் சோம்பு மணக்கும். உயிர்நீர் என்றால் இவற்றில் எது? பெயர் பொதுப்பெயர், சரக்கு வேறுவேறு.

'மது' அதைவிடப் பெரிய குடை. தேன் என்ற பொருளில் தொடங்கியது, இன்று போதை தரும் எதையும் குறிக்கிறது. பீரும் மது, வைனும் மது. 'கள்' பனை, தென்னையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'நறவு' செய்யுளில் மட்டும் வாழ்கிறது.

'தேறல்' கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். தேறு என்றால் தெளி. நொதித்துக் கலங்கிக் கிடப்பது தெளிந்து மேலே நிற்கும்போது அது தேறல். திருமுருகாற்றுப்படை 'நீடமை விளைந்த தேக்கள் தேறல்' என்கிறது: நெடிய மூங்கில் குழாய்க்குள் இருந்து முதிர்ந்த தேன்கள்ளின் தெளிவு. புறநானூற்றில் கபிலர், நிலத்தில் புதைத்து முதிரவைத்த 'மட்டு' என்ற கள்ளைப் பாடுகிறார். அவர் அங்கே போடும் சொல் 'பழுனிய'. பழுத்தல், முதிர்தல் என்ற பொருள். மரத்துக்குள் வைத்தால் சுவை கூடும், காத்திருந்தால் பழுக்கும் என்ற இரண்டு விஷயமும் இந்த மொழிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஆனால் தேறல் நொதித்ததோடு சரி. அதை அடுப்பில் ஏற்றி ஆவியாக்கிக் குளிர்வித்து வடிக்கவில்லை. விஸ்கியை விஸ்கியாக்குவதே அந்தத் தீதான்.

தீயில் வடித்ததற்குப் பொதுமக்கள் வாயில் உள்ள சொல் 'சாராயம்'. இலக்கணப்படி பார்த்தால் விஸ்கி ஒரு சாராயம்தான், சந்தேகமே இல்லை. பிராந்தி, ரம், ஜின் எல்லாமும் அதே சாதி. ஆனால் 30 ஆண்டு மரத்தில் கிடந்த ஒன்றைச் சாராயம் என்று எழுதினால் படிக்கிறவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். சொல்லில் அழுக்கு இல்லை, அதைச் சுற்றி ஒட்டிய செய்திகளில்தான் இருக்கிறது. என்றாலும் ஒரு சொல்லைத் தனியாகக் கழுவி எடுக்க ஒருவரால் முடியாது. அதே செய்திகளில் வரும் 'ஊறல்' மட்டும் பொன்னான சொல். வடிப்பதற்கு முன் நொதித்து நிற்கும் கலவைக்கு விஸ்கி ஆலைகளில் 'வாஷ்' என்று பெயர். ஊறலுக்கும் வாஷுக்கும் மயிரிழை வேறுபாடு கிடையாது. அகராதி தயாரிப்பவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அடுத்தது 'வாலை'. வடிக்கும் கலத்துக்குத் தமிழ்ப் பெயர். சித்த மருத்துவ நூல்களில் வாலையிலிட்டு வடித்தல் என்று வரும். வடித்து எடுத்ததற்குப் பெயர் 'தீநீர்'. ஓமத் தீநீர் பலருக்கும் தெரியும். தீயால் பிறந்த நீர். இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. விஸ்கிக்கே இதை வைத்துவிடலாமா என்று சபலம் தட்டியது. வேண்டாம். அதற்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. வயிற்று உப்புசத்துக்கு ஓமத் தீநீர் தேடுகிறவர் தவறுதலாக ஓக் மரப் பீப்பாயில் போய் விழக்கூடாது.

ஆகவே என் முடிவு இது. 'ஸ்பிரிட்ஸ்' என்ற வகைப்பெயருக்கு 'வாலைத்தேறல்' என்று சொல்லலாம்: தேறல்தான், ஆனால் வாலை ஏறி இறங்கியது. விஸ்கி என்பது தானிய ஊறலை வடித்து, மரத்தில் முதிரவைத்த வாலைத்தேறல். இது விளக்கம். பெயர் விஸ்கியாகவே இருக்கட்டும். 'விசுக்கி' என்று மெய்மயக்கம் பார்த்து எழுதுவோரும் உண்டு. இலக்கணத்துக்கு அது சரி. எனக்குக் கையை விசுக்கென்று வீசியது போல் காதில் விழுகிறது.

பெயரை மாற்ற வேண்டாம் என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 'ஸ்காட்ச் விஸ்கி' என்பது ஊர்ப்பெயர் தாங்கிய, வரையறுக்கப்பட்ட பெயர். 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி அது ஸ்காட்லாந்திலேயே வடிக்கப்பட வேண்டும், 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு அங்கேயே முதிர வேண்டும், புட்டியில் ஆல்ககால் 40 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. அமெரிக்காவின் பர்பன் விஸ்கிக்குத் தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் வேண்டும், உள்ளே கருக்கிய புத்தம்புது ஓக் கலம் வேண்டும். பெயரை மொழிபெயர்த்தால் இந்த விதிகள் கூடவே வராது. ஸ்காட்லாந்துக்காரரும் ஜப்பானியரும் ஒரு விதமாகவும், அயர்லாந்துக்காரரும் பெரும்பாலான அமெரிக்கர்களும் நடுவில் 'e' என்ற உயிரெழுத்தைக் கூட்டியும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அந்தச் சண்டை தமிழ் எழுத்தில் வராது. நமக்கு எல்லாம் விஸ்கி.

மொழிபெயர்க்க வேண்டியது லேபிளின் மற்ற வரிகளை. தவறு நடப்பதே அங்கேதான்.

'சிங்கிள் மால்ட்' என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நண்பர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். தப்பு. 'சிங்கிள்' என்பது ஆலையைக் குறிக்கிறது. ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடித்தது. அந்த ஆலையின் நூறு பீப்பாய்களைக் கலந்திருந்தாலும் அது சிங்கிள் மால்ட்தான். 'ஒற்றை மால்ட்' என்று பெயர்த்தால் நான் விழுந்த அதே பள்ளத்தில் படிப்பவரும் விழுவார். 'ஓராலை மால்ட்' என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. 'சிங்கிள் கிரெயின்' இதைவிட மோசமான கண்ணி. அதில் இரண்டு மூன்று தானியம் இருக்கலாம். அங்கேயும் ஒன்றாக இருப்பது ஆலைதான்.

அடுத்து, லேபிளில் இருக்கும் எண். 12 என்று போட்டிருந்தால் உள்ளே கலந்தவற்றில் ஆக இளையதற்கு 12 ஆண்டு. இதை 'வயது' என்று தமிழில் எழுதுவதை நான் எதிர்க்கிறேன். வயது நிற்காமல் ஏறும். விஸ்கிக்கு ஏறாது. மரத்தைவிட்டுக் கண்ணாடிக்குள் வந்த நிமிடமே அதன் பழுத்தல் நின்றுவிடுகிறது. 1990-இல் புட்டியில் அடைத்த 12 ஆண்டு விஸ்கியை அலமாரியில் வைத்துப் பூட்டி இன்று திறந்தாலும் அது 12 ஆண்டு விஸ்கிதான். 'முதிர்வு 12 ஆண்டு' என்று எழுதுங்கள். சேகரிக்கிறவர்கள் பழைய புட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது அரிதானது என்பதற்காகவும், அந்தக் காலத்து வடிப்பு முறைக்காகவும். தங்கள் வீட்டில் அது மேலும் முதிர்கிறது என்று நினைத்தால் பரிதாபம்.

வைன் புட்டியைப் படுக்கவைப்பார்கள், விஸ்கியை நிற்கவைக்க வேண்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள ஆல்ககால் தக்கையை அரித்துவிடும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இடம் பற்றாமல் ஒரு புட்டியை மூன்று ஆண்டு படுக்கையாக வைத்திருந்தேன். திறந்தபோது தக்கை பாதியில் முறிந்து, மிச்சம் ஈரப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து உள்ளே விழுந்தது. காபி வடிகட்டித் தாளில் அன்று ஒரு வடிப்பு நடந்தது.

ஆலைக்குள் போனால் தமிழ் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. வாலையிலிருந்து வருவதை மூன்றாகப் பிரிப்பார்கள். முதலில் வருவது காட்டமான, குடிக்க உதவாத பகுதி. நடுவில் வருவதுதான் பீப்பாய்க்குப் போகும். கடைசியில் எண்ணெய் வாடையோடு கனமாக வருவதை முதல் பகுதியோடு சேர்த்து அடுத்த வடிப்புக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் தலை, இதயம், வால் என்று ஓர் உடம்பையே கூறு போடுகிறார்கள். நமக்குத் தலை, இடை, கடை இருக்கிறது. தலைவடி, இடைவடி, கடைவடி. சங்கத்துக்கே மூன்று பேர் வைத்த மொழிக்கு இது பெரிய வேலையா?

'பீப்பாய்' என்ற சொல்லைப் பற்றிய ஒரு கிளைக்கதை. அது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற 'பீப்பா'. அவர்கள் ஊரின் போர்ட் வைன் கிடக்கும் கலத்தை ஆங்கிலத்தில் இன்றும் 'பைப்' என்பார்கள். அந்தக் கலத்தில் வைன் காலியானதும் விஸ்கியை ஊற்றி முதிரவைப்பதுண்டு. ஆக, நாம் சாதாரணமாகச் சொல்லும் பீப்பாயும் லேபிளில் பெருமையாக அச்சிடும் போர்ட் பைப்பும் உடன்பிறப்புகள். ஸ்காட்லாந்துக் கிடங்கில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகி மரத்தின் வழியே போய்விடும். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். இந்த மொழிபெயர்ப்பில் எனக்கு வழக்கு இல்லை. ஆவியாகப் போவதை ஆவிகளுக்கே எழுதிவைத்தது பொருத்தம்தான். ஸ்பிரிட் என்ற சொல்லுக்கும் லத்தீனில் மூச்சு என்றுதான் வேர்ப்பொருள். நீராவி, உயிர், பேய் மூன்றுக்கும் ஒரே 'ஆவி' போதும் என்று தமிழும் அதே போக்கில் போயிருக்கிறது.

'கிராஃப்ட்' என்ற முன்னொட்டைக் 'கைவினை' என்று பெயர்ப்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் பொருளில். அமெரிக்க ஒன்றிய அரசின் லேபிள் விதிகளில் இந்தச் சொல்லுக்கு வரையறையே கிடையாது. சிறிய வாலையில் தானே தானியம் வாங்கி ஊறல் போட்டு வடிப்பவரும் போட்டுக்கொள்ளலாம். பெரிய ஆலையில் மொத்தமாக வாங்கிப் புட்டியில் அடைத்துப் படம் ஒட்டுபவரும் போட்டுக்கொள்ளலாம். லேபிளின் பின்பக்கம் 'வடித்தவர்' என்று பெயர் இருக்கிறதா, 'அடைத்தவர்' என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கைவினை யாருடைய கை என்பது அந்தச் சின்ன எழுத்தில் இருக்கும்.

ருசிப்பதற்கான சொற்களில் இரண்டே இரண்டு. 'நோஸ்' என்பதை மூக்கு என்று எழுதாதீர்கள், 'முகர்வு' போதும். 'ஃபினிஷ்' முடிவு அல்ல, 'பின்சுவை'. தொண்டையில் இறங்கிய பின்னும் நாக்கில் மிஞ்சுவதற்கு முடிவு என்றா பெயர்?

முகர்ந்த பிறகு சில சொட்டுத் தண்ணீர் விடுவது வழக்கம். வெளிச்சத்தில் பிடித்தால் சொட்டு விழுந்த இடத்தில் எண்ணெய் இழைபோல் சுருள் சுருளாக ஏதோ நெளிந்து கரைவது தெரியும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முகர்ந்தால் புகை வாசம் முன்னால் வந்து நிற்கும். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் 2017-இல் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். புகை வாசத்தைத் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்ககால் செறிவாக இருக்கும்போது திரவத்துக்குள் அமுங்கிக் கிடக்கிறது. தண்ணீர் சேர்த்து 45 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே இறக்கினால் மேற்பரப்புக்கு வருகிறது.

அந்தத் தண்ணீரை ஸ்காட்லாந்தின் கேலிக் பேசும் தீவுகளில் எப்படிக் கேட்பது என்றால், 'உஷ்கெ' என்று கேட்க வேண்டும். விஸ்கி வராது, தண்ணீர்தான் வரும்.