நடு ரோட்டில் நிற்காமலே அந்தப் படத்தை எடுக்கலாம்

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் மூலையில் சாத்தி வைத்திருக்கும் ட்ரைபாடைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. மூன்று காலில் ஒன்று பாதியில் மடங்கி, அலுமினியக் குழாய் அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடக்கும். அதன் மேல் ஏறிப் போனது ஒரு பஸ்.

மகாபலிபுரம் தாண்டி ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு லேசான வளைவு. விடிந்து அரை மணி நேரம் இருக்கும். ப்ரீ வெட்டிங் ஷூட். ரோட்டின் நடுக்கோட்டில் கைகோத்து நடந்து வருகிற படம் வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை, எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். ரோடு இரண்டு பக்கமும் காலி. ட்ரைபாடை வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே விட்டுவிட்டு, இன்னும் தாழ்வாக வேண்டும் என்று கேமராவைக் கழற்றிக் கையில் பிடித்து ரோட்டிலேயே குத்த வைத்து உட்கார்ந்திருந்தேன். கூட வந்த பையன் "அண்ணே, பஸ்ஸு" என்றான். வ்யூஃபைண்டரில் பார்த்தேன், ஜோடிக்குப் பின்னால் எங்கேயோ ஒரு புள்ளி. "இன்னும் ஒண்ணே ஒண்ணுடா" என்றேன். அவன் பதில் பேசவில்லை, மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்து ஒரு கத்து கத்திவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்து மண்ணில் இழுத்துத் தள்ளினான். அவர்கள் அந்தப் பக்கம் சவுக்குத் தோப்புக்கு ஓடினார்கள். பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. ட்ரைபாட் முறிந்த சத்தம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அன்றைக்கு நான் கவனமில்லாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். நான் பஸ்ஸைப் பார்த்தேன். பார்த்தும் அது தூரத்தில் இருப்பதாக நம்பினேன். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது லென்ஸ். கல்யாணப் படம், கார் விளம்பரப் படம் என்று ரோட்டிலேயே பாதி நாள் நிற்கிறவன் என்ற முறையில் இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: கேமரா வழியாகப் பார்க்கும்போது தூரத்தைக் கணிக்கிற புத்தி நம்மிடம் இருப்பதில்லை.

உங்கள் போனிலேயே பார்க்கலாம். ரோடு அகலமாக, வானம் பெரிதாக வர வேண்டும் என்றால் எல்லோரும் தட்டுவது 0.5 எக்ஸ். பெரும்பாலான போன்களில் அது கிட்டத்தட்ட 13 மி.மீ. லென்ஸுக்குச் சமம், இந்த மி.மீ. குறையக் குறைய காட்சி அகலமாகும், அதில் இருப்பதெல்லாம் சின்னதாகும். ஒரு பஸ்ஸின் அகலம் சுமார் 2.5 மீட்டர். அது உங்களிடமிருந்து 100 மீட்டர் தூரத்தில் வரும்போது, படுக்கை வாக்கில் பிடித்த போன் திரையில் அதன் அகலம் ஒரு அரிசியின் அகலம்கூட இருக்காது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 22 மீட்டர். அந்த அரிசி உங்கள் மேல் வந்து சேர நாலரை நொடி. ஃபோகஸ் தொட்டு, வெளிச்சம் குறைத்து, "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி முடிக்க எனக்கே அதைவிட அதிக நேரம் ஆகும்.

டிரைவர் நிறுத்திவிடுவார் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நம் நாட்டுச் சாலைகளுக்கு அளவு வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், டிரைவர் ஒரு தடையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க மட்டும் 2.5 நொடி என்று எடுத்துக்கொள்கிறது. அதற்குள்ளேயே வண்டி 55 மீட்டர் வந்துவிடும். முழுதாக நிற்க 80 கிலோமீட்டர் வேகத்தில் 120 மீட்டர் வேண்டும், 100 கிலோமீட்டர் வேகத்தில் 180 மீட்டர். சரி, இப்போது ஒரு வளைவில் நின்று பாருங்கள். உங்களுக்கு 120 மீட்டர் ரோடு கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அந்த டிரைவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

வளைவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரோடு பாம்பு மாதிரி நம்மை நோக்கி வளைந்து வருகிற படம் வளைவின் வெளிப்பக்கம் நின்றால்தான் அழகாக வரும். வேகமாக வந்து பிடி தவறும் வண்டியும் அதே வெளிப்பக்கம்தான் வரும். தடுப்புக் கம்பி அங்கே மட்டும் நெளிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் இப்போதெல்லாம் உள்பக்கம் நிற்கிறேன், இல்லையென்றால் பக்கத்தில் மேடு ஏதாவது இருந்தால் ஏறிவிடுகிறேன்.

அப்புறம் வெயில். படம் எடுப்பவர்களுக்குப் பிடித்த பொன் வெயில் நேரம் டிரைவருக்குக் கெட்ட நேரம். பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம், பெங்களூரு ஹைவேயில் சாயங்காலம் சூரியன் நேர் எதிரில் இறங்கும். ரோடு முழுக்கத் தங்கத் தகடு மாதிரி மின்னும், யாருக்குத்தான் எடுக்கத் தோன்றாது. நீங்கள் சூரியனைப் பார்த்து நிற்கிறீர்கள், பெங்களூரு போகிற வண்டிகள் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருகின்றன, அந்த டிரைவர்களின் கண்ணிலும் அதே சூரியன். அவருக்கு ரோட்டோரத்தில் இருப்பது ஆளா, மரத்தின் நிழலா என்று தெரியாது. உங்களுக்கோ அவர் வருவதே தெரியாது. இதில் உங்கள் காதில் இயர்போன் வேறு இருந்தால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

"நான் ரோட்டிலேயே நிற்பதில்லை, ஓரக்கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறேன்" என்பவர்கள் சென்னைக்குப் புதியவர்களாக இருக்க வேண்டும். அந்த ஓரத்தில்தான் ராங் சைடில் பைக் வரும். அடுத்த யூ டர்ன் வரை போக சோம்பல் பட்டு, லைட் இல்லாமல், மூன்று பேராக. வண்டி வரும் திசையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிற பழக்கம் நம் ஊருக்கு ஆகாது.

அந்தப் பஸ்ஸுக்குப் பிறகு என் குழுவில் ஒரு விதி வந்தது. ஒருவர் கேமராவையே பார்க்கக் கூடாது, ஜோடியையும் பார்க்கக் கூடாது, ரோட்டை மட்டும் பார்க்க வேண்டும். போன் அவர் பாக்கெட்டில். அவர் "வண்டி" என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்த்து உறுதி செய்யக் கூடாது, முதலில் மண்ணில் கால் வைக்க வேண்டும், பேச்செல்லாம் அப்புறம். இரண்டு பேராக ஊர் சுற்றப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். தனியாகப் போகிறவர் ரோட்டில் கால் வைக்கிற படத்தை விட்டுவிட வேண்டியதுதான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வண்டியை எங்கே விடுவது என்பதும் இதே அளவுக்கு முக்கியம். பாதி டயர் மண்ணில், பாதி டயர் தாரில் என்று நிறுத்துவது நம் ஊர் வழக்கம். நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது பாருங்கள், அது எங்கிருந்து வந்ததோ. நான் முதலில் ஒரு டீக்கடையோ பெட்ரோல் பங்க்கோ பார்த்து வண்டியை விடுவேன், பிறகு நடப்பேன். நடந்தால் வேறு நல்ல இடங்கள் கண்ணில் படும் என்பது கூடுதல் லாபம்.

முட்டுக்காடு பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் கழிமுகத்தின் மேல் வெயில் சாயும்போது பாலத்தின் மேலேயே பைக்கை நிறுத்திவிட்டுக் கூட்டமாக நிற்பார்கள். படகுத்துறைப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் பாலமும் அதன் மேல் ஓடுகிற வண்டிகளும் சேர்ந்து படத்துக்குள் வரும். பாலத்தின் மேல் நின்றால் பாலமே படத்தில் இருக்காது, தண்ணீர் மட்டும்தான். பாம்பனிலும் இதே கதை. 1988இல் திறந்த, இரண்டு கிலோமீட்டருக்கும் நீளமான ரோட்டுப் பாலம் அது. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகு ஆசை இன்னும் கூடியிருக்கும், ரயில் வரும் நேரம் பார்த்துப் பாலத்தில் நிறுத்த வேண்டாம், கரையிலிருந்து எடுங்கள்.

ஈசிஆர் கிட்டத்தட்ட வடக்கு தெற்காக ஓடுகிற ரோடு. அதனால் காலை ஏழு மணிக்கு முன்னால் கடல் பக்கமிருந்து வெயில் குறுக்கே விழும், சவுக்கு மரங்களின் நிழல் ரோட்டின் மேல் ஏணிப்படி மாதிரி கிடக்கும். இதை எடுக்க ரோட்டின் நடுவே போக வேண்டியதே இல்லை. ரோட்டை விட்டு நாலு அடி தள்ளி மண்ணில் நின்று, போனில் 3 எக்ஸ் அல்லது 5 எக்ஸ், கேமராவில் 200 மி.மீ. போட்டுப் பாருங்கள். தூரத்து வளைவும் மேடும் பள்ளமும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வரும், மத்தியானம் என்றால் கானல் நீரும் சேர்ந்துகொள்ளும். ஜூமில் பார்க்கும்போது பக்கவாட்டில் வருவது எதுவும் தெரியாது என்பதை மறக்க வேண்டாம், அதனால்தான் அந்த நாலு அடி. மரக்காணம் உப்பளப் பகுதியில் மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற மண் பாதைகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கினால் பாத்தித் தண்ணீரில் வானம் கிடக்கும், தூரத்தில் ரோடு ஒரு கோடாகப் போகும்.

மலை ரோட்டுக்கு வருவோம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஏலகிரிக்கு 14, கொல்லிமலைக்கு 70. வால்பாறை ரோட்டில் ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்கிறது. நின்று பார்ப்பதற்கென்றே ஒதுக்கிய இடம் அது, ஆழியாறு அணையும் ஏறி வந்த ரோடும் கீழே தெரியும். அதை விட்டுவிட்டு எட்டாவது வளைவிலும் பதினோராவது வளைவிலும் காரை நிறுத்தி இறங்குவார்கள். மேலே ஏறும் பஸ்ஸுக்கு அந்த வளைவு முழுவதும் வேண்டும், உங்கள் காருக்காக ஏற்றத்தில் நின்றுவிட்டு மறுபடி எடுப்பது எவ்வளவு பாடு என்று ஏதாவது ஒரு பஸ் டிரைவரிடம் கேட்டுப் பாருங்கள். முதுமலை, பந்திப்பூர் காட்டு ரோட்டில் படத்துக்காக இறங்கவே கூடாது. அங்கே வண்டியை நிறுத்துவதற்கே தடை. யானைக்கு உங்கள் லென்ஸ் எத்தனை மி.மீ. என்று தெரியாது.

ஓடுகிற வண்டிக்குள்ளிருந்து எடுப்பது தப்பில்லை, ஆனால் ஓட்டுகிறவர் எடுக்கக் கூடாது. கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ போடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பிடித்து, சுற்றி ஒரு கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டால் டேஷ்போர்டின் பிரதிபலிப்பு போய்விடும். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியோ அதைவிட வேகமாகவோ வையுங்கள். கிளம்புமுன் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள், இதைச் செய்யாமல் லென்ஸைக் குறை சொல்கிறவர்கள்தான் அதிகம். பைக்கில் என்றால் கேமராவை ஹேண்டில்பாரில் மாட்டி, கிளம்புமுன்பே ரெக்கார்டிங் போட்டுவிட வேண்டும். வழியில் ஒரு கையை எடுத்து பட்டனைத் தேடுகிற வேலையே கூடாது.

இரவில் வண்டி விளக்குகள் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக ஓடுகிற படத்துக்கு நடைமேம்பாலம் போல வசதியான இடம் வேறில்லை. கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்து, ஷட்டரைப் பத்துப் பதினைந்து நொடி திறந்து வைக்க வேண்டும். ஆள் நடந்தால் பாலம் அதிரும், அதனால் நாலு நாலு நொடியாக நிறைய எடுத்து வீட்டில் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். கீழே நின்று எடுத்தே ஆக வேண்டும் என்றால் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போடுங்கள். எதிரில் வருகிறவர் முகத்தில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், தயவுசெய்து. ட்ரோன் வைத்திருப்பவர்கள் பறக்கவிடுமுன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும், பச்சையிலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது.

எல்லாம் சரி, நடுரோட்டில் கைகோத்து நடக்கிற அந்தப் படம்? இன்றும் மாதம் இரண்டு ஜோடியாவது அதைத்தான் கேட்கிறார்கள். கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் மனை விற்பதற்காக லே அவுட் போட்டு, தார் ரோடு போட்டு, கோடும் அடித்து, ஒரு வீடுகூட வராமல் கிடக்கிற இடங்கள் இருக்கின்றன. ஆபீஸில் இருப்பவரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போகிறேன். கேமராவை ரோட்டோடு ரோடாக வைத்து, மனைக் கற்கள் தெரியாமல் இரண்டு பக்கமும் புல் மறைக்கிற மாதிரி நெருக்கி எடுத்தால், ரோடு கண்ணுக்கெட்டியவரை போகிற மாதிரி இருக்கும். உண்மையில் அது முந்நூறு அடி நீளம், முடிவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. போன மாதம் அங்கே எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் போன் செய்தார், "அண்ணா, எந்த ஹைவே இது, லொகேஷன் அனுப்புங்க" என்று. அனுப்பினேன். போய்ப் பார்த்துவிட்டு, மனை விலை கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.