டிப்ஸ் பெட்டியை எண்ணும்போது யார் யார் பக்கத்தில் இருக்க வேண்டும்?

இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் சுற்றுலாச் சீசன் தொடங்கும்போது, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குறுதி கிடைக்கும்: "சம்பளம் கொஞ்சம்தான் தம்பி, ஆனா டிப்ஸ் நல்லா வரும்." சிறிய ஹோட்டல்களுக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் கணக்குப் பார்ப்பது என் தொழில். மாதக் கடைசியில் என் மேசைக்கு வரும் மனக்கசப்புகள் பலவற்றின் தொடக்கம் இந்தப் பேச்சுத்தான்.

சம்பளம் வேறு, டிப்ஸ் வேறு. 2026 ஜனவரி முதல் இலங்கையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அது முதலாளியின் கையிலிருந்து வர வேண்டிய காசு. விருந்தாளி மேசையில் வைத்துப் போனதை எடுத்து அதை நிரப்புவது அநியாயம். சம்பளத்தில் ஒரு பகுதியை டிப்ஸ் என்று எழுதிவிட்டால் ஊழியருக்கு இன்னொரு நட்டமும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியின் 3 வீதம் எல்லாமே சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. சம்பளம் சிறுத்தால் இவையும் சிறுக்கும்.

பில்லில் அடிக்கும் 10 வீத சேர்விஸ் சார்ஜையும் டிப்ஸ் பெட்டியோடு கலக்க வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனிக் கொப்பி வையுங்கள். அந்த 10 வீதம் வேலை செய்த பிள்ளைகளுக்குத்தான் போகிறது என்று நினைத்தே பல விருந்தாளிகள் கட்டுகிறார்கள். அதில் எவ்வளவு பிள்ளைகளுக்குப் போகிறது என்பதை முதலாளி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இனி, பெட்டியில் யாருக்குப் பங்கு? வெயிட்டர்மார் "நாங்க சிரிச்சுப் பேசினதாலதானே தந்தாங்க" என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் இந்தப் பேச்சு நடந்தபோது குசினியில் தட்டுக் கழுவும் அம்மா ஒருவர் கேட்டார்: "நான் கழுவித் தராட்டி நீங்க எதுல மகன் சாப்பாடு வைப்பீங்க?" அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. குசினி, லோண்டரி, அறை துப்புரவாக்கும் 'றூம் போய்', தோட்டம் எல்லாருக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. பங்கின் அளவு வேறுபடலாம்.

அதற்குப் புள்ளி முறை நல்லது. ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி வையுங்கள். வெயிட்டருக்கு 5, றூம் போய்க்கு 4, குசினி உதவியாளருக்கு 3, பழகுநருக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். புள்ளியை வேலை செய்த நாட்களால் பெருக்குங்கள். ஒரு மாதம் பெட்டியில் 150,000 ரூபாய் சேர்ந்தது, எல்லாருடைய புள்ளிகளும் கூட்டினால் 1,000 வருகிறது என்றால் ஒரு புள்ளிக்கு 150 ரூபாய். 24 நாள் நின்ற வெயிட்டருக்கு 120 புள்ளி, 18,000 ரூபாய். 26 நாள் வந்த குசினி உதவியாளருக்கு 78 புள்ளி, 11,700 ரூபாய். அரை நாள் வந்தவருக்கு அரை நாள்தான். மாத நடுவில் விலகியவருக்கும் அவர் நின்ற நாட்களுக்குரிய பங்கு சேர வேண்டும். "அவன் சொல்லாமப் போயிட்டான்" என்பது அதைப் பிடித்து வைக்கக் காரணமாகாது.

இந்தப் புள்ளிகளைச் சீசனுக்கு முன்பே எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் ஊழியர் சாப்பிடும் இடத்தில் ஒட்டுங்கள். காசு சேர்ந்த பிறகு விதி எழுதினால் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

எண்ணும்போது குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குசினிப் பக்கத்தவர், மற்றவர் வெளியில் பரிமாறுபவர். அன்றன்றைய தொகையைக் கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். நான் பார்த்தவரை களவைவிட மனதைக் கெடுப்பது சந்தேகம்தான். மனேஜர் நல்லவராகவே இருப்பார், ஆனால் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக எண்ணுவார். வெளியே நிற்கும் பிள்ளைகள் என்னதான் நினைப்பார்கள்?

வெளிநாட்டுக் காசு இங்கே பெரிய சிக்கல். டொலரும் யூரோவும் பெட்டியில் விழும். மாற்றிய நாளின் வங்கி விலையை ரசீதோடு கொப்பியில் ஒட்டுங்கள். வெளிநாட்டுச் சில்லறைகளை வங்கிகள் பொதுவாக மாற்றித் தராது, அவற்றைத் தனியாக எண்ணி வையுங்கள். வங்கி அட்டையில் கட்டிய டிப்ஸ் முதலாளியின் கணக்குக்குப் போய்ச் சேரும். அதை அந்த மாதப் பங்கிலேயே சேர்க்க வேண்டும். வங்கிக் கழிவை முதலாளி ஏற்பது நல்லது.

முதலாளியும் மனேஜரும் பெட்டியில் கை வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டத்திருத்தம் முதலாளியோ மனேஜரோ ஊழியரின் டிப்ஸை வைத்திருப்பதைத் தடுத்தது. பிரித்தானியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டிப்ஸ் முழுவதும் ஊழியருக்கு, அதுவும் அடுத்த மாத முடிவுக்குள், பதிவேடு மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அந்தச் சட்டங்கள் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரு கொப்பி வாங்கி இதைச் செய்ய யாரைக் கேட்க வேண்டும்?

சில இடங்களில் உடைந்த கிளாசுக்கும் தட்டுக்கும் பெட்டியிலிருந்து கழிக்கிறார்கள். உடைவு என்பது வியாபாரச் செலவு. ஒருவர் கைதவறியதற்கு எல்லாருடைய பங்கையும் வெட்டினால், அடுத்த முறை உடைந்ததை ஒளித்துத்தான் வைப்பார்கள்.

ஒக்டோபரோடு அறுகம்பைக் கூட்டம் குறையும். வந்த பிள்ளைகள் பொத்துவில், அக்கரைப்பற்று, வாழைச்சேனை என்று ஊர் திரும்புவார்கள். பஸ் ஏறுவதற்கு முன்பே கடைசிப் பங்கைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அடுத்த சீசனுக்கு என்று நிறுத்தி வைக்க வேண்டாம். வேலைக்குப் போகும் தம்பி, தங்கச்சிமார் நீங்களும் சேரும் நாளிலேயே பங்குப் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நின்ற நாட்களையும் வாங்கிய தொகையையும் உங்கள் போனிலும் குறித்து வையுங்கள்.