ஒரே அளவு, ஒரு வெட்டு வித்தியாசம்

போன மாதம் தம்பியின் லேப்டாப்புக்கு வைஃபை கார்டு வாங்க, சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் போயிருந்தோம். கடைக்காரர் இரண்டைக் கண்ணாடிமேல் வைத்தார்: இன்டெல் ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211. இரண்டும் 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். இரண்டுமே வைஃபை 6இ தரம். 211-இன் விலை கொஞ்சம் குறைவு.

"அப்ப இதையே எடுத்துக்கலாம்ண்ணே."

"வேணாம்டா, உன்னோடது ஏஎம்டி பிராசசர், இன்டெல் இல்ல."

கார்டின் தங்க நிற விளிம்பைக் காட்டினேன். 210-இல் இரண்டு வெட்டு, 211-இல் ஒன்றுதான்.

வைஃபையில் இரண்டு வகை வேலை உண்டு. அலையை அனுப்பி வாங்குவது ரேடியோ பகுதி. எந்தத் தகவல் எப்போது போக வேண்டும் என்று கணக்குப் போடுவது டிஜிட்டல் பகுதி. 210-இல் இரண்டும் கார்டிலேயே இருக்கின்றன. 211-இல் டிஜிட்டல் வேலையின் பெரும்பங்கை இன்டெல் தன் பிராசசர், அதற்குத் துணையான சிப்செட் பக்கம் நகர்த்திவிட்டது; கார்டில் மிஞ்சுவது பெரும்பாலும் ரேடியோ. அந்த மறுபாதி இல்லாத கணினியில், தம்பியின் ஏஎம்டி மாதிரி, 211 வேலை செய்யாது.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? சிப்புகளை வெட்டி எடுக்கும் சிலிக்கன் தட்டுக்கு இவ்வளவு என்றுதான் செலவு. ஒரு தட்டில் எத்தனை சிப் வெட்டி எடுக்கிறோமோ, அதைப் பொறுத்து ஒரு சிப்பின் அடக்கவிலை அமையும். டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க டிஜிட்டல் பகுதியும் சுருங்கும். ரேடியோ அப்படியில்லை. அதிலுள்ள சுருள்களின் அளவை அலைவரிசைதான் தீர்மானிக்கிறது. எவ்வளவு புதிய தொழில்நுட்பத்திலும் அவை கிட்டத்தட்ட அதே இடத்தைப் பிடிக்கும். விலை உயர்ந்த புதிய தட்டில் அவற்றை வரைவது, வாடகை எகிறும் கடைத்தெருவான ஆர்ச்சர்ட் ரோட்டில் கிடங்கு வாடகைக்கு எடுப்பது மாதிரி. 40 நானோமீட்டரும் அதற்கு மேலுமான பழைய, பெரிய அளவுத் தொழில்நுட்பத்தில் சிப் செய்யும் ஆலைகளுக்கு, இங்கே உட்லண்ட்ஸில் உள்ள குளோபல்ஃபவுண்ட்ரீஸ் போன்றவற்றுக்கு, ரேடியோ சிப் வேலை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே 211 மலிவு என்பது பாதிக் கணக்கு. மீதிச் செலவு பிராசசர், சிப்செட் விலைக்குள் இருக்கிறது. இன்டெல் பிராசசரை எப்படியும் வாங்கப்போகும் லேப்டாப் நிறுவனத்துக்கு அந்தப் பாதி கையில் இருப்பதுதான். கார்டில் மிச்சமாகும் ஒவ்வொரு டாலரும் லட்சக்கணக்கான கணினிகளில் பெருகும். அவர்களுக்கு 211 சரியான தேர்வு. ஒற்றைக் கார்டு வாங்கும் நமக்கு, ஏஎம்டி, இன்டெல் இரண்டுக்கும் பொதுவான பிசிஐஇ இணைப்பில் ஓடும் 210 கூடுதல் காசுக்குத் தகும் என்பேன்.

210-ஐயே வாங்கினோம். இரவு ஆன்டெனா ஒயர் இரண்டையும் நகத்தால் அழுத்தி மாட்டினான் தம்பி. பழைய கார்டைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் இரண்டு வெட்டுதான்.