ஐம்பது மைல் ஓடிய குதிரைக்கு ஏன் தாகம் எடுப்பதில்லை?

குதிரைப் பந்தயம் என்றால் நம் நினைவுக்கு வருவது கிண்டி மாதிரி வட்டப் பாதையில் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் ஓட்டம்தான். அமெரிக்காவில் வார இறுதிகளில் நடக்கும் எண்டூரன்ஸ் சவாரி அதற்கு நேர் எதிர். காடும் மேடும் பள்ளமுமான ஒற்றையடிப் பாதையில் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். இடையில் கட்டாய ஓய்வு உண்டு. அதையும் சேர்த்து 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 100 மைல் என்றால் 24 மணி நேரம். 1972-ல் தொடங்கிய ஏ.இ.ஆர்.சி. என்ற அமைப்பு இந்த விதிகளை வைத்திருக்கிறது. முடிவுக் கோட்டைத் தொட்டால் மட்டும் போதாது. அதன் பிறகும் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதித்து, 'இது இன்னும் தொடர்ந்து ஓடத் தகுதியானது' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதலில் வந்தவருக்கும் ஒன்றுமில்லை.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1892-ல் ஜெர்மானிய, ஆஸ்திரிய ராணுவ அதிகாரிகள் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே குதிரையோட்டப் போட்டி நடத்தினார்கள். யார் விரைவாகப் போய்ச் சேருகிறார் என்பது ஒன்றே கணக்கு. பல குதிரைகள் செத்து விழுந்தன. இன்று கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நடக்கும் புகழ்பெற்ற 100 மைல் டெவிஸ் கோப்பையில் (1955-ல் வெண்டெல் ரோபி தொடங்கியது) பல ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதிக் குதிரைகள் வழியிலேயே நிறுத்தப்பட்டுவிடுகின்றன. நிறுத்துவதற்குத்தான் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி அவர்கள் எதைத் தேடுகிறார்கள்? முதலாவது, நொண்டல். அது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. அது வியர்வையின் கணக்கு.

தசை எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி வெப்பம். மனித உடலில் ஒவ்வொரு 40 கிலோ எடைக்கும் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தோல் இருக்கிறது. குதிரைக்கோ 90 முதல் 100 கிலோவுக்கு ஒரு சதுர மீட்டர்தான். உலை பெரிது, ஜன்னல் சிறிது. நாயைப் போல வாயால் இரைத்து வெப்பத்தைக் கொட்டவும் முடியாது. குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும் விலங்கு. எனவே பெரும்பங்கு வெப்பமும் வியர்வை வழியாகத்தான் போயாக வேண்டும். வெயில் நாளில் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். அதில் லேதரின் என்ற புரதம் இருக்கிறது. எண்ணெய்ப்பசையுள்ள ரோமத்தின் மேல் வியர்வையைப் பரப்பி நனைய வைப்பது அதன் வேலை. கழுத்திலும் தொடையிடுக்கிலும் சோப்பு நுரை போலத் திரள்வது அதனால்தான்.

சிக்கல் தொடங்குவது உப்பில். நம் வியர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. நமக்கு வியர்க்க வியர்க்க ரத்தம் கெட்டியாகி, அதிலுள்ள உப்பின் செறிவு கூடுகிறது. மூளை அதை உணர்ந்து தாகத்தைக் கிளப்புகிறது. குதிரையின் வியர்வையில் ரத்தத்தில் உள்ள அளவுக்கோ அதைவிடச் சற்று அதிகமாகவோ உப்பு உண்டு. லிட்டருக்குச் சுமார் 10 கிராம். தண்ணீரும் உப்பும் ஒரே விகிதத்தில் வெளியேறுவதால், ரத்தத்தின் அளவு குறையுமே தவிர செறிவு கூடாது. தாகத்தைத் தூண்டும் மணி அடிப்பதே இல்லை. இருபது லிட்டர் இழந்த குதிரை தண்ணீர்த் தொட்டியில் மூக்கை நனைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வது பிடிவாதம் அல்ல. அதற்கு உண்மையிலேயே தாகம் இல்லை. 'தாகமிருந்தால் குடிக்கும்' என்று விட்டுவிடுபவர்தான் முதல் சவாரியில் மருத்துவரிடம் சிக்குவார்.

அதனால் உப்பை நாம் கொடுத்தாக வேண்டும். வீட்டிலேயே கலப்பவர்கள் சாதாரண உப்பு இரண்டு பங்கு, பொட்டாசியம் குளோரைடு ஒரு பங்கு எடுத்து, ஆப்பிள் கூழில் குழைத்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் வாயின் ஓரத்தில் செலுத்துவார்கள். ஒரு வேளைக்கு 30 முதல் 60 கிராம். எப்போது கொடுப்பது என்பதுதான் முக்கியம். குதிரை தண்ணீர் குடித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வற்றிப்போய், குடிக்காமல் நிற்கும் குதிரைக்குக் கெட்டியான உப்புக் கூழைத் தள்ளினால், அந்த உப்பு ரத்தத்தில் எஞ்சியிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். வயிற்றுப் புண் இருந்தால் எரிச்சல் வேறு. இன்னொரு வழி, ஓட்டம் முடிந்ததும் முதல் வாளியில் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்துக் கொடுப்பது. அதைக் குடித்த குதிரைகள் பின்னால் வெறும் தண்ணீரையும் கூடுதலாகக் குடிப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தண்ணீரின் சூடு 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பது நல்லது. ஐஸ் போட்ட தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது.

வெள்ளிக்கிழமை: போட்டி ட்ரெய்லரிலேயே தொடங்கிவிடுகிறது

எட்டு மணி நேரம் ட்ரெய்லரில் நின்று வரும் குதிரை சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக்கிலும் கால்களால் சமநிலை பிடித்துக்கொண்டே வருகிறது, வியர்க்கிறது, குடிப்பதில்லை. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இருபது நிமிடம் தண்ணீரும் உலர்புல்லும் காட்ட வேண்டும். தலையை உயரத்தில் இறுக்கிக் கட்டக் கூடாது. குதிரையின் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் கிருமியும் தலை தாழ்ந்தால்தான் வடியும். மணிக்கணக்கில் தலை தூக்கியே இருந்தால் அவை நுரையீரலுக்குப் போய் 'ஷிப்பிங் ஃபீவர்' என்கிற நிமோனியா வரும். வழித் தண்ணீரின் வாடை பிடிக்காமல் குடிக்க மறுக்கும் குதிரைகள் ஏராளம். அதனால் வீட்டுத் தண்ணீரை கேன்களில் கொண்டுவருவார்கள். ஓய்வாக இருக்கும் 450 கிலோ குதிரைக்கே ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்க.

காகிதங்களில் முக்கியமானது காகின்ஸ் பரிசோதனைச் சான்று. ரத்தம் வழியாகப் பரவும் தொற்று ரத்தசோகை இல்லை என்பதற்கான அத்தாட்சி. மாநில எல்லை தாண்டினால் உடல்நலச் சான்றும் கேட்பார்கள். குதிரைக்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். இதயமும் நுரையீரலும் சில மாதப் பயிற்சியில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் தேற ஓரிரு ஆண்டுகளாவது ஆகும். இளங்குதிரை மூச்சு வாங்காமல் ஓடும், கால்தான் உடையும்.

லாடத்தை முந்தின நாள் அடிக்க வேண்டாம். ஓர் ஆணி சற்று உள்ளே தள்ளிப் போயிருந்தாலும் சில நாள் கழித்துத்தான் நொண்டும். ஒன்று, இரண்டு வாரம் முன்பே அடித்து முடித்திருக்க வேண்டும்.

இரவு முழுக்க உலர்புல் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். குதிரையின் பெருங்குடல் ஒரு தண்ணீர்த் தொட்டி. நார்ச்சத்து அங்கே ஊறி, பல லிட்டர் நீரையும் உப்பையும் பிடித்து வைத்திருக்கும். மறுநாள் ரத்தம் வற்றும்போது அங்கிருந்துதான் முதல் உதவி வரும். தானியம் அப்படியல்ல. புறப்படுவதற்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் நிறையத் தானியம் வைத்தால் இன்சுலின் ஏறும், உடல் கொழுப்பை எரிப்பதை நிறுத்திவிட்டுச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். 80 கிலோமீட்டருக்குக் கைகொடுப்பது கொழுப்புதான். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டாதவரை குதிரை பெரும்பாலும் ஆக்சிஜனோடு கொழுப்பை எரித்து ஓடும். அதற்கு மேல் போகப் போகச் சர்க்கரையும் லாக்டிக் அமிலமும் ஆட்சிக்கு வரும். அனுபவமுள்ளவர்கள் மேட்டில் நடத்தி, சமதளத்தில் ட்ராட் என்னும் மிதமான ஓட்டத்தில் விட்டு, சராசரியாக மணிக்கு 10, 12 கிலோமீட்டரில் நிற்பது இந்தக் கணக்கால்தான்.

அறுபத்து நான்கு

சனிக்கிழமை காலை குதிரையின் பிட்டத்தில் எண் எழுதிப் பாதையில் விடுவார்கள். வழியில் ரிப்பன் கட்டியிருக்கும். பதினைந்து, இருபத்தைந்து மைல் போனதும் சோதனை நிலையம். அங்கே வந்தவுடன் ஓய்வு நேரம் ஓடத் தொடங்காது. துடிப்பு குறிப்பிட்ட அளவுக்கு, பெரும்பாலும் 64-க்கோ 60-க்கோ, இறங்கிய பிறகுதான் தொடங்கும். 30 நிமிடத்துக்குள் இறங்காவிட்டால் குதிரை வெளியே. ஓய்வில் 28 முதல் 44 வரை துடிக்கும் இதயம் அது. ஓட்டத்தில் 200-ஐத் தாண்டவும் செய்யும். நல்ல பயிற்சியுள்ள குதிரை ஐந்து, பத்து நிமிடத்தில் 60-க்கு இறங்கிவிடும். கடைசி அரை மைலை இறங்கி நடந்தே கொண்டுவருகிறவருக்கு நேரம் நஷ்டமில்லை, லாபம்.

துடிப்பை எண்ணுவது இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து. 'லப்-டப்' இரண்டும் சேர்ந்து ஒன்று. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவார்கள். புதிதாகப் பிடிப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாக எண்ணி 120 என்று பதறுவது வழக்கம்.

இந்த நிலையத்தில் நடக்கும் மிக அழகான சோதனை ஒன்று உண்டு. மருத்துவர் துடிப்பை எண்ணுகிறார். 60 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப்வாட்சை அழுத்துகிறார். குதிரையைக் கையில் பிடித்தபடி 125 அடி ட்ராட்டில் ஓட்டிப்போய்த் திரும்பி வர வேண்டும். கடிகாரம் ஒரு நிமிடம் காட்டும்போது மறுபடி எண்ணுகிறார். மீண்டும் 60 அல்லது 56 வந்தால் நிம்மதி. 72 வந்தால், அந்தச் சிறு ஓட்டத்தைக்கூட அந்த உடல் தாங்கவில்லை என்று பொருள். ஒன்று, ரத்தத்தின் அளவு குறைந்து, இதயம் அதே வேலையைச் செய்யக் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் எங்கோ வலிக்கிறது. நொண்டல் வெளியே தெரிவதற்கு முன்பே இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஓட்டத்தில் மருத்துவர் காலையும் பார்த்துவிடுகிறார், இதயத்தையும் கேட்டுவிடுகிறார். கருவி என்று பார்த்தால் ஒரு ஸ்டெதஸ்கோப்பும் ஒரு கடிகாரமும்தான்.

பிறகு ஈறை விரலால் அழுத்தி விடுவார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பாக வேண்டும். தோள் முனைத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். வயிற்றின் இரு பக்கமும், மேலும் கீழுமாக நான்கு இடங்களில் குடல் சத்தம் கேட்பார். சத்தமில்லாத குடல் பயமுறுத்தும் செய்தி. ஓட்டத்தில் ரத்தம் தசைக்கும் தோலுக்கும் போய்விட, குடல் பட்டினி கிடந்து நின்றுபோகும். கோலிக் வயிற்றுவலி அங்கே தொடங்குகிறது. சத்தத்தை மீட்க மருந்தைவிட உலர்புல்லே சிறந்தது என்பதால், ஓய்வு நேரத்தில் குதிரையின் வாய் ஓயாமல் அசைய வேண்டும்.

விலா ஓரம் வெட்டி இழுத்தால்

அரிதாக ஒரு குதிரையின் அள்ளை, விக்கல் எடுப்பது போல வெட்டி வெட்டி இழுக்கும். கை வைத்துப் பார்த்தால் இதயத் துடிப்போடு ஒத்துப் போகும். 'தம்ப்ஸ்' என்பார்கள். வியர்வையில் குளோரைடு ஏராளமாகப் போனதும், ஈடுகட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டைப் பிடித்து வைக்கிறது. ரத்தம் காரத்தன்மை பெறுகிறது. அந்த நிலையில் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், நரம்புகளுக்கு வேண்டிய தனிக் கால்சியம் குறைகிறது. நரம்புகள் தொட்டால் சீறும் நிலைக்கு வருகின்றன. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இதயத்தின் மேலேயே உரசிச் செல்கிறது; ஒவ்வொரு துடிப்பின் மின்சாரமும் அதைத் தட்டிவிட, உதரவிதானம் துடிப்புக்கு ஒருமுறை சுருங்குகிறது. உயிரை உடனே எடுக்காது. ஆனால் உப்புக் கணக்கு முற்றிலும் குலைந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. குதிரை அத்தோடு நிற்க வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம்: குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் கால்சியம் அதிகம். அதனால் ஆண்டு முழுக்க அதையே அள்ளிப் போட்டால் தம்ப்ஸ் வராது என்று தோன்றும். வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். உணவிலேயே கால்சியம் கொட்டிக் கிடப்பதால், எலும்பிலிருந்து அதை எடுக்கும் பாராதைராய்டு சுரப்பி சோம்பலுக்குப் பழகிவிடுகிறது, அவசரத்துக்கு எழுந்திருக்காது. தினசரி உணவில் அளவாக, போட்டி நாளில் தாராளமாக என்பதே சரியான முறை.

தொடைத் தசை பாறை போல இறுகி, குதிரை அடியெடுக்க மறுத்தால் அது வேறு நோய், தசைச் சிதைவு. சிறுநீர் காபி நிறத்தில் வரும். அந்த நிலையில் 'கொஞ்சம் நடத்திப் பார்ப்போம்' என்பது சிறுநீரகத்தோடு விளையாடுவது. நின்ற இடத்திலேயே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும்.

குளிர்விப்பதில் ஒரு பழைய மூடநம்பிக்கை இன்னும் சாகவில்லை: சூடான தசையில் குளிர்ந்த நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்பது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்கு முன் நடந்த வெப்ப ஆய்வுகள் அதைப் பொய்யாக்கின. குளிர்ந்த நீரை உடல் முழுக்க, நிறுத்தாமல் ஊற்றுவதே வேகமான வழி. தண்ணீர் தட்டுப்பாடு என்றால், ஊற்றியதை வழித்துவிட்டு மறுபடி ஊற்றலாம். வெயில் மட்டுமே எதிரி அல்ல. சவாரிக்காரர்கள் ஃபாரன்ஹீட் வெப்பத்தோடு ஈரப்பத சதவீதத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். 150-ஐத் தாண்டினால் வியர்வை சரியாக உலராது. 180-ஐத் தாண்டினால் உலர்வதே அரிது. 95 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னை மாலை ஒன்று 160. அந்த மாதிரி நாளில் குதிரையின் மூச்சு எண்ணிக்கை துடிப்பு எண்ணிக்கையைத் தாண்டிப் போகும். வியர்வை கைவிட்ட வேலையை மூச்சு செய்யப் பார்க்கிறது.

ஞாயிறு காலை உடனே ட்ரெய்லரில் ஏற்ற வேண்டாம். சேணம் இருந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தித் தடவுங்கள். முதுகு சிலிர்த்து நெளிந்தால் அங்கே சேணம் அழுத்தியிருக்கிறது. முந்தின நாள் சேணத்தைக் கழற்றியபோது மற்ற இடமெல்லாம் நனைந்து, ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால், அழுத்தம் வியர்வைச் சுரப்பியை அடைத்த இடம் அதுதான். நாளடைவில் அங்கே வெள்ளை ரோமம் முளைக்கும். கால்களில் இரவில் இறங்கிய வீக்கம் நடக்கும்போது கரைய வேண்டும். ஒரு காலில் மட்டும் கரையாமல், தொட்டால் சுடுமானால் தசைநாணைச் சந்தேகிக்க வேண்டும். சாணம் ஈரமாக விழுந்து, சிறுநீர் வெளிர் நிறத்தில் போன பிறகு ஏற்றலாம். வீட்டுக்குப் போனதும் பத்து மைலுக்கு ஒரு நாள் என்ற கணக்கில், 50 மைல் ஓடிய குதிரைக்கு ஐந்து நாளாவது சேணம் போடுவதில்லை.