ரெஃபரண்டம்: பொருள், வேர், தமிழ்ச் சொல்

ரெஃபரண்டத்தைத் தமிழ் நாளிதழ்கள் ‘பொது வாக்கெடுப்பு’ என்று எழுதுகின்றன. இலங்கை வழக்கில் அது ‘சர்வஜன வாக்கெடுப்பு’. இரண்டும் பிழையல்ல. ஆனால் அமெரிக்க மாநிலங்களில் இதற்கு இன்னொரு கூர்மையான பொருள் உண்டு. சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடைமுறைக்கு வருமுன் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி அதை நிறுத்திவைக்கலாம். பிறகு அதை ஏற்பதா தள்ளுவதா என்று வாக்காளர்கள் முடிவு செய்வார்கள். அந்தப் பொருளில் எழுதும்போது ‘மறுப்பு வாக்கெடுப்பு’ என்பதே தெளிவு. மெய்ன் மாநிலம் இதை ‘மக்கள் வீட்டோ’ என்றே அழைக்கிறது.

இலத்தீனில் ‘ரெஃபெர்ரே’ என்றால் திரும்பக் கொண்டுபோதல். பழைய சுவிஸ் கூட்டமைப்பில் கன்டோன்களின் (சுவிஸ் மாநிலங்களின்) பிரதிநிதிகள் தாமாக முடிவெடுக்க முடியாத விஷயங்களைத் தங்கள் கன்டோனிடமே கேட்டுவர எடுத்துச் சென்றார்கள். சொல் அங்கிருந்து பரவியது. அமெரிக்காவில் இந்த உரிமையை முதலில் ஏற்ற மாநிலம் சவுத் டகோட்டா (1898). ஒரேகான் 1902இலும், மெய்ன் 1908இலும், ஒஹாயோ 1912இலும் சேர்ந்தன.

ஒஹாயோவின் நடைமுறை கடினமானது. முதலில் 1,000 கையெழுத்துகளுடன் சட்டத்தின் சுருக்கத்தை அட்டர்னி ஜெனரலிடம் (மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம்) கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். சட்டம் மாநிலச் செயலரிடம் தாக்கலான 90 நாளுக்குள், கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 6% அளவுக்குக் கையெழுத்து சேர வேண்டும். 2011இல் அது 231,147. மொத்தம் சேர்ந்தால் மட்டும் போதாது. 88 கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகளில்) குறைந்தது 44இல், ஒவ்வொன்றிலும் அங்கு பதிவான ஆளுநர் தேர்தல் வாக்குகளில் 3% எட்ட வேண்டும். பெருநகரங்களில் மட்டும் திரட்டும் குழுக்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

படிவத்திலும் கவனம் தேவை. ஒரு படிவத்தில் ஒரே கவுண்டிக்காரர்கள்தான் கையெழுத்திடலாம். திரட்டியவர் கடைசியில் எண்ணிக்கையை எழுத வேண்டும். உண்மையில் உள்ளதைவிடக் குறைத்து எழுதிவிட்டால் அந்தப் படிவம் முழுதும் செல்லாது. இரட்டைக் கையெழுத்து, வாக்காளர் பட்டியலில் இல்லாத பெயர், பழைய முகவரி என்று கழிவது ஏராளம். அதனால் தேவைக்கு மிக அதிகமாகவே திரட்ட வேண்டும். குறைந்தால் 10 நாள் கூடுதல் அவகாசம் உண்டு. அவசரச் சட்டம், வரிச் சட்டம் போன்றவற்றுக்கு இந்த வழியே இல்லை.

முன்கூட்டியே வாக்களிக்கும் நாள்களைக் குறைத்த ஒஹாயோ சட்டத்துக்கு (எச்பி 194) எதிராக 2011இல் மனு தாக்கலானது, சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. வாக்கெடுப்பு வருமுன்பே, 2012 மே மாதம், சட்டமன்றமே அதை நீக்கிவிட்டது. களத்தில் படிவத்தோடு நின்றவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது; ஆனால் முழு வெற்றி அல்ல, தேர்தலுக்கு முந்தைய கடைசி மூன்று நாள் வாக்களிப்பு அந்த நீக்கத்தால் திரும்பவில்லை.

வாக்குச்சீட்டின் வாசகமும் ஏமாற்றும். 2011 நவம்பரில் மெய்ன் ஒரு சட்டத்தைப் பற்றிக் கேட்டது ‘நிராகரிக்க விரும்புகிறீர்களா?’ என்று. தேர்தல் நாளன்றே வாக்காளராகப் பதியும் உரிமையை அந்தச் சட்டம் நீக்கியிருந்தது; அதை மீட்க ‘ஆம்’ போட வேண்டியிருந்தது. சுமார் 60% பேர் அப்படிப் போட்டார்கள். அதே நாளில் ஒஹாயோவில் அரசு ஊழியர் சங்கங்களின் உரிமையைக் குறைத்த சட்டத்தைத் தள்ள ‘இல்லை’ போட வேண்டியிருந்தது. எனவே ‘ஆம் வென்றது’ என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு ஒன்றும் புரியாது; சட்டம் நிலைத்ததா, விழுந்ததா என்பதையும் எழுதுங்கள்.

குடிமக்களே புதுச் சட்டத்தை எழுதி முன்வைக்கும் இனிஷியேட்டிவ் வேறு. அதைக் ‘குடிமக்கள் முன்மொழிவு’ எனலாம். நாட்டின் பெரிய கேள்வி ஒன்றில் மக்களின் கருத்தை நேரே கேட்கும் பிளெபிசைட்டுக்குக் ‘குடியொப்பம்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.