லைட் பெயிண்டிங்: ஒளித்தீட்டல்

இரவில் கார்களைப் படமெடுப்பவர்களின் பேச்சில் அடிக்கடி வரும் சொல் லைட் பெயிண்டிங். இருட்டான இடத்தில் காரை நிறுத்தி, கேமராவை டிரைபாடில் பூட்டி, ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் கதவை, 20, 30 நொடி திறந்து வைக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் ஒருவர் கையில் எல்.இ.டி. குழலோடு காரைச் சுற்றி நடந்து, வண்டி முழுவதும் வெளிச்சம் படச் செய்கிறார். எந்த இடத்துக்கு எவ்வளவு ஒளி, எந்தப் பக்கமிருந்து என்பதை அவருடைய கையும் நடையும்தான் முடிவு செய்கின்றன.

இந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 'காருக்கு பெயிண்டிங்' என்று சொன்னால் நம் ஊரில் யாருக்கும் டிங்கரிங் பட்டறைதான் நினைவுக்கு வரும். தமிழ்ச் சொல் தேடுவதற்கு இதுவே போதுமான காரணம்.

முதலில் இதன் வரலாறு. இந்த உத்தி கலைக்காகப் பிறந்ததில்லை. பிரான்சில் உடலியல் ஆய்வாளர் எத்தியென்-ஜூல் மரேயும் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் தெமெனியும் 1889-இல் மனித நடையை ஆராய, உடலில் சிறு விளக்குகளைப் பொருத்தி நடக்கவிட்டுப் படமெடுத்தார்கள். விளக்குகள் போன தடம் கோடுகளாகப் பதிந்தது. பிறகு அமெரிக்காவில் ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி தொழிலாளர்களின் கைகளில் விளக்கு கட்டி, வேலையில் எந்த அசைவு வீண் என்று பார்த்தார்கள். கலைஞர் மேன் ரே 1935-இல் சிறு விளக்கால் காற்றில் கிறுக்கித் தன் உருவத்தையே படமாக்கினார். 1949-இல் ஜோன் மிலி எடுத்த படங்களில் பிக்காசோ இருட்டறையில் விளக்கால் உருவங்கள் வரைந்தார். உலகம் முழுக்கப் பேசப்பட்டவை அவை.

இவை எல்லாவற்றிலும் கேமரா பார்ப்பது விளக்கைத்தான். கார் படத்தில் நடப்பது அதற்கு நேர் எதிர். விளக்கு கண்ணில் படவே கூடாது, அது தொட்டுச் சென்ற பொருள் மட்டும் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் முதல் வகையை லைட் டிராயிங் என்று பிரித்துச் சொல்வதும் உண்டு, இரண்டையும் லைட் பெயிண்டிங் என்றே சொல்லிவிடுவதும் உண்டு. தமிழில் தொடக்கத்திலேயே இரண்டு சொற்களாக வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம்.

அப்புறம், காரை மட்டும் ஏன் இப்படிச் சுற்றி நடந்து எடுக்க வேண்டும்? காரின் மேற்பரப்பு கண்ணாடிக்கு நெருக்கமானது. அதில் என்ன எதிரொளிக்கிறதோ அதுதான் படத்தில் விழும். சிறிய டார்ச்சை அடித்தால் பானெட்டில் புழு நெளிந்ததுபோல் கோணல் கோடுகள்தான் மிஞ்சும். நீளமான குழலைக் கூரைக்கு மேலே, வண்டியின் விளிம்புக் கோட்டுக்கு இணையாகப் பிடித்து ஒரே சீராக நகர்த்தினால், முகப்பிலிருந்து பின்பக்கம் வரை உடையாத ஒரு வெளிச்சக் கோடு ஓடும். வடிவமைப்பாளர் அந்தத் தகட்டில் செதுக்கிய வளைவு அப்போதுதான் தெரிகிறது. டயரின் கறுப்பு ரப்பர் ஒளியை விழுங்கிவிடும், அதற்குத் தாழ்வாக ஒரு தனிச் சுற்று தேவை. ஹெட்லைட்டை ஒரு நொடி போட்டு அணைத்தாலே போதும். நடப்பவர் கறுப்பு உடை அணிந்து, எங்கும் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் அவரும் படத்தில் பதிந்துவிடுவார். பக்கத்தில் மஞ்சள் சோடியம் தெருவிளக்கு இருந்தால் வெள்ளைக் கார் பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் வரும். வேறு இடம் பார்ப்பதே நல்லது.

பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸில் ஒளி நுழையும் துளை எஃப் 8 என்று வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகப் படமெடுத்து, கடைசியில் ஃபோட்டோஷாப்பில் 'லைட்டன்' முறையில் அடுக்குகிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படம் அதிக வெளிச்சமோ அது மட்டும் நிற்கும். இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒளி அத்தனையும் அந்த இரவில், அந்தக் காரின் மேல் விழுந்ததுதான்.

30 நொடிக்கு மேல் வேண்டுமென்றால் கேமராவில் 'பல்ப்' நிலை இருக்கிறது. விளக்கு பல்பு என்று பலர் நினைப்பார்கள். உண்மையில், பழைய கேமராக்களில் ரப்பர் குமிழ் ஒன்றை அமுக்கிக் காற்றழுத்தத்தால் ஷட்டரைத் திறந்தார்கள். பெயர் அந்தக் குமிழிலிருந்து வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ஒளி ஓவியம்' உடனே தோன்றும், அழகாகவும் இருக்கிறது. ஆனால் ஒளிப்பதிவாளர்களை 'ஒளி ஓவியர்' என்று சொல்லும் வழக்கம் நம் திரையுலகில் ஏற்கெனவே உண்டு. ஓவியம் என்றால் செய்து முடித்த படம், செய்யும் வேலையை அது சொல்லாது. 'ஒளிப்பூச்சு' மறுபடி பட்டறைக்கே கொண்டு போய்விடும்.

என் தேர்வு ஒளித்தீட்டல். சித்திரம் தீட்டுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம், அரிசி தீட்டுகிறோம், கத்தி தீட்டுகிறோம். இவற்றில் பெரும்பாலானவற்றில் கை ஒரு பரப்பின் மேல் திரும்பத் திரும்பப் போய்வருகிறது. அந்தப் பரப்பு மெருகேறுகிறது, கூர்மையாகிறது, நிறம் பெறுகிறது. குழலோடு காரைச் சுற்றுபவர் செய்வதும் அதுவே. 'ஒளித்தீட்டு' என்று மட்டும் சுருக்க வேண்டாம். தீட்டு என்பதற்கு நம் வழக்கில் வேறு பொருளும் இருப்பதால் 'தீட்டல்' என்றே முடிப்பது நல்லது. விளக்கைக் கேமராவுக்குக் காட்டிக் காற்றில் வரைவதற்கு 'ஒளிவரைவு' பொருந்தும்.

எழுதும்போது இப்படிப் புழங்கலாம்: "மூன்று சுற்றில் ஒளிதீட்டி எடுத்த படம்." "பானெட்டுக்கு ஒளித்தீட்டல் போதவில்லை, இன்னொரு முறை நட." "பின்னணியில் ஒளிவரைவு, காருக்கு ஒளித்தீட்டல்."